பழைய துப்பாக்கியும் நல்ல மிஸ்திரியும்

நம் குமணன்சாவடி, பூவிருந்தவல்லி பக்கத்தில் மண்டி, கிடங்கு, தோப்பு வைத்திருக்கும் வணிகர் யார் வீட்டிலாவது பெரியவர்கள் காவலுக்கு வாங்கிய 12 போர் துப்பாக்கி இருக்கலாம். இன்று விற்றால் சொற்ப விலைதான் கிடைக்கும். "இதற்குப் போய் நல்ல மிஸ்திரிக்கு அதிகக் கூலியா?" என்று தோன்றும். தராசைப் பழுது பார்க்கும்போது தராசின் விலையையா பார்க்கிறோம்? அதில் நிறுக்கும் சரக்கைப் பார்க்கிறோம். துப்பாக்கிக் கூலியையும் சுடுகிறவரின் கண்ணோடும் கையோடும்தான் ஒப்பிட வேண்டும்.

முதலில் சட்டம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5வது பிரிவுப்படி, தொழிலாகத் துப்பாக்கி பழுது பார்ப்பவருக்கும் லைசென்ஸ் வேண்டும். எனவே லேத் பட்டறை, வெல்டிங் கடைப் பக்கம் போகவே கூடாது. கடைப் பையனிடம் சும்மா கொடுத்தனுப்புவதும் தவறு. பழுதுக்குக் கொண்டு போக லைசென்ஸ்தாரர் உடனிருக்க வேண்டும், அல்லது எழுத்து மூலம் அதிகாரம் தர வேண்டும் என்கிறது 3வது பிரிவு. தகப்பனார் காலமாகிவிட்டால் லைசென்ஸ் மகனுக்குத் தானாக வராது. 21வது பிரிவுப்படி தாமதமின்றி போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, பிறகு மனுச் செய்ய வேண்டும்.

அடுத்து, கைதேர்ந்த மிஸ்திரி கவனிக்கும் இடங்கள்:

1. குழல்: உள்ளே துருக்குழி, வெளியே நசுங்கல் உண்டா, சுவர் எங்காவது மெலிந்திருக்கிறதா என்று அளந்து பார்ப்பார். இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கிச் செய்த மிகப் பழைய குழல்களில் இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவைப் போடக் கூடாது.

2. தோட்டா அறை: பழைய துப்பாக்கிகள் பலவற்றில் 65 மி.மீ. நீளம், இன்று பரவலாக விற்கும் தோட்டா 70 மி.மீ. நீளமான தோட்டா உள்ளே நுழைந்துவிடும். ஆனால் சுடும்போது அதன் முனை விரிய இடமின்றி அழுத்தம் ஏறும்.

3. கீலும் பூட்டும்: மூடிய பின் குழல் ஆடக் கூடாது.

4. விசை: தேய்ந்த விசை, துப்பாக்கி கீழே தட்டினாலே வெடித்துவிடும்.

5. கட்டை: விரிசலுக்கு மேல் வெறும் பாலிஷ் போடுவது பழுது பார்ப்பதாகாது.

துப்பாக்கி எண்ணை அழிக்கும்படியோ, குழலைக் குட்டையாக்கும்படியோ மிஸ்திரியிடம் கேட்காதீர்கள். இரண்டும் சட்டச் சிக்கலில் கொண்டு போய் விடும். ரசீதில் துப்பாக்கி எண், செய்த வேலை, எந்த நீளத் தோட்டா என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள்.

எல்லாம் பார்த்த பிறகு, "ஐயா, இதைச் சுட வேண்டாம், காட்சிக்கு வையுங்கள்" என்று மிஸ்திரி சொன்னால் வருத்தப்படாமல் பார்வைக் கூலியைக் கொடுங்கள். கூடுதல் வேலை கிடைக்கும் என்று தெரிந்தும் வேண்டாமென்று சொல்பவரே நம்பத் தகுந்த தொழிலாளி. நம் வியாபாரத்துக்கும் அதே விதிதான்.