கம்ப்ரஸரை மூடுங்க, ஆனா மூச்சு விட விடுங்க!

வொர்க்‌ஷாப்ல ஏர் கம்ப்ரஸர் ஓட ஆரம்பிச்சா நாம என்ன பண்றோம்? பேச்சை நிறுத்திட்டு, அது அணையட்டும்னு காத்திருக்கோம். ஆனா நாள் முழுக்க அங்கேயே இருக்கிற லேப் அண்ணன் என்ன பண்ணுவார்? எங்க அண்ணனை இப்போ ரெண்டு தடவை கூப்பிட்டாத்தான் திரும்புறார். அதனாலதான் எங்க டீம் ஒரு பெட்டி செய்ய இறங்கினோம்.

முதல்ல ஒரு கணக்கு. அமெரிக்காவின் நயாஷ் அமைப்பு சொல்லும் வரம்பு, 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அதாவது 91 டெசிபலில் 2 மணி நேரம்தான். எங்க கம்ப்ரஸர் பக்கத்துல போன் ஆப் காட்டினது 91.

பெட்டிக்கு நாலு விஷயம் வேணும்.

1. எடை: சத்தத்தைத் தடுப்பது சுவரின் எடை. எடையை இரட்டிப்பாக்கினால், தியரிப்படி சுமார் 6 டெசிபல் கூடுதலாகத் தடுக்கும். முட்டை அட்டை, தெர்மாகோல் இதெல்லாம் லேசு, தடுக்காது. நாங்க 18 மி.மீ. ப்ளைவுட் எடுத்தோம்.

2. உள் பூச்சு: வெறும் பெட்டிக்குள்ள சத்தம் எதிரொலிச்சு கூடும். உள்ளே ராக் வூல் வெச்சு, அதன் மேல துணி போர்த்தினோம். சாதாரண ஃபோம் எளிதில் தீப்பிடிக்கும், வேண்டாம்.

3. இடைவெளி: பரப்பில் 1 சதவீதம் திறந்திருந்தாலே, சுவர் எவ்வளவு கனமா இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல குறையாது. கதவு ஓரமெல்லாம் ரப்பர் பீடிங் ஒட்டுங்க.

4. அதிர்வு: கம்ப்ரஸர் கால்களுக்கு அடியில ரப்பர் பேட். பெட்டியின் சுவர் அதைத் தொடக்கூடாது.

இதெல்லாம் பக்காவா செஞ்சோம். இருபதே நிமிஷத்துல மோட்டார் சூடாகி ட்ரிப் ஆயிடுச்சு! 1 எச்.பி. மோட்டார்னா சுமார் 750 வாட். அதில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் வெளியே வரும். மூடின பெட்டிக்குள்ள ரூம் ஹீட்டர் வெச்ச மாதிரி. அந்த 750 வாட்டையும் வெளியேத்தி, காற்றின் சூடு 10 டிகிரிக்கு மேல ஏறாம பார்க்கணும்னா, நொடிக்கு சுமார் 62 லிட்டர் காற்று ஓடணும். ஒரு கம்ப்யூட்டர் ஃபேன் போதாது.

ஆனா ஓட்டை போட்டா சத்தமும் வெளியே வருமே? இங்கதான் விஷயம் இருக்கு. காற்று வளைஞ்சு போகும். சத்தமோ ஒவ்வொரு வளைவிலும் ராக் வூல்ல மோதி தேயும். அதனால உள்ளே வர கீழே ஒண்ணு, வெளியே போக மேலே ஒண்ணுன்னு, ரெண்டு இடத்துல திரும்புற மரக் குழாய் செஞ்சு, உள்ளே ராக் வூல் ஒட்டி, மேல் குழாயில எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினோம். அப்புறம் ட்ரிப் ஆகலை.

ஒண்ணு மறக்காதீங்க: பிரஷர் கேஜ், சேஃப்டி வால்வ், டேங்க் அடியில தண்ணி வடிக்கிற வால்வ் மூணும் கைக்கு எட்டணும்.

அதே போன், அதே இடம், இப்போ 78. போன் ஆப்பின் அளவு துல்லியமில்லைதான், ஆனா முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பலாம்.

காதுக்குள்ள இருக்கிற நுண்முடி செல்கள் செத்தா திரும்ப முளைக்காது. அண்ணனுக்குப் போனது போனதுதான். நமக்கு இன்னும் போகலை. பெட்டி செய்யுங்க, செஞ்சு முடிக்கிற வரைக்கும் இயர் ப்ளக் போடுங்க.