பூச்சியின் பெயரும் உழவரின் வருவாயும்

கொல்கத்தாவின் நியூ அலிப்பூரில் இந்திய விலங்கியல் ஆய்வு மையத்தின் தலைமையகம் அமைந்துள்ளது. ஊசியில் குத்திச் சிறு சீட்டுடன் பெட்டிகளில் அடுக்கப்பட்ட பூச்சிகளைக் காண்போர், இவற்றால் நாட்டுக்கு என்ன பயன் என்று வினவக்கூடும். செலவையும் பயனையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பொருளாதார மாணவர்க்கு இவ்வினா இயல்பானதே. அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மையத்தின் தோற்றம்

1814ஆம் ஆண்டு ஆசியக் கழகம் கல்கத்தாவில் தொடங்கிய அருங்காட்சியகமே பின்னர் இந்திய அருங்காட்சியகமாக வளர்ந்தது. அதன் விலங்கியல் பிரிவிலிருந்து 1916 ஜூலை முதல் நாள் இம்மையம் உருவாயிற்று. தாமஸ் நெல்சன் அன்னண்டேல் இதன் முதல் இயக்குநர். இலைப்பேன் ஆய்வில் புகழ்பெற்ற தமிழக அறிஞர் டி. என். அனந்தகிருஷ்ணனும் இதன் இயக்குநராகப் பணியாற்றினார். 2024இல் மையம் வெளியிட்ட பட்டியலில் இந்திய விலங்கினங்கள் 1,04,561 இடம்பெற்றன. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை பூச்சிகளே.

பெயரும் உறவும்

புதிய சிற்றினம் ஒன்றுக்குப் பெயரிடும்போது, அப்பெயருக்குச் சான்றாக ஒரு பூச்சியின் உடல் பாதுகாக்கப்படுகிறது. இதனை மூல மாதிரி என்பர். பிற்காலத்தில் ஐயம் எழுந்தால் இதனுடன் ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும். மேலும், ஒரே மூதாதையிடமிருந்து கிளைத்த சிற்றினங்கள் ஒரு பேரினத்தில் சேர்க்கப்படுகின்றன. எனவே, பூச்சியின் அறிவியற்பெயர் அதன் பரிணாம உறவையும் உணர்த்துகிறது. உறவினங்களின் உணவுப் பயிரும் இயற்கை எதிரிகளும் பெரும்பாலும் ஒத்திருக்கும். ஆயினும் உறவு வேறு, ஒருமை வேறு.

மரவள்ளி தரும் பாடம்

1970களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளிப் பயிரை ஒரு மாவுப்பூச்சி அழித்தது. தென் அமெரிக்காவே அதன் தாயகம் எனக் கருதிய அறிஞர்கள், அக்கண்டத்தின் வடபகுதியில் அதன் எதிரிகளைத் தேடினர். அங்குக் கிடைத்ததோ அதே பேரினத்தைச் சேர்ந்த வேறொரு சிற்றினம். அதன் ஒட்டுண்ணிகள் ஆப்பிரிக்கப் பூச்சியிடம் பயனளிக்கவில்லை. நுணுகி ஆய்ந்து இரண்டும் வெவ்வேறானவை எனத் தெளிந்தனர். உண்மையான பூச்சி 1981இல் பராகுவே நாட்டில் கண்டறியப்பட்டது. அதனுடன் கிடைத்த அனகைரஸ் லோபெசி என்னும் சிறு குளவி அவ்வாண்டே நைஜீரியாவில் விடப்பட்டு, படிப்படியாகப் பல நாடுகளின் பயிரைக் காத்தது.

அதே மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தின் திருச்சூரில் காணப்பட்டது. விரைவில் சேலம், நாமக்கல் பகுதிகளுக்கும் பரவியது. ஜவ்வரிசித் தொழிலும் உழவரின் வருவாயும் பாதிக்கப்பட்டன. ஆனால் பூச்சி எது, அதன் எதிரி எது என்பது முன்னரே தெரிந்திருந்தது. பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகம் 2021இல் அக்குளவியைத் தருவித்துப் பெருக்கியது. 2022இல் சேலம் மாவட்டத்தில் அது வயலில் விடப்பட்டது. ஆப்பிரிக்காவில் பல்லாண்டு பிடித்த பணி இங்கு ஈராண்டளவில் கைகூடிற்று.

முடிவுரை

மரபணு ஆய்வு இன்று வகைப்பாட்டுக்குப் பெருந்துணை புரிகிறது. எனினும், அதன் முடிவை ஒப்பிட, சரியாகப் பெயரிடப்பட்ட மாதிரி தேவை. அதைப் பேணப் பயிற்சி பெற்ற வல்லுநரும் தேவை. இத்துறைக்கு ஆகும் செலவின் பயன் ஆண்டுக் கணக்கில் தென்படாது. புதிய பூச்சி வயலில் இறங்கும் நாளில்தான் தென்படும். திட்டமிடும் அலுவலரும் துறையைத் தேர்ந்தெடுக்கும் மாணவரும் இதனை நினைவிற் கொள்ளுதல் நலம்.