ஒரே இரைச்சல், இரு மனங்கள்

கேள்வி: விமான இரைச்சல் ஒருவருக்கு எரிச்சலூட்ட, பக்கத்து வீட்டாருக்கு மட்டும் உறைக்காதது ஏன்?
– வாசகர், கோலா பிலா

பதில்: இரைச்சலை அளக்கும் டெசிபெல் கணக்கு, எரிச்சலில் ஆளுக்காள் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே விளக்குகிறது என ஜெர்மன் உளவியலாளர் ரைனர் குஸ்கி 1999இல் மதிப்பிட்டார். எஞ்சியதில் இன்னொரு பங்கு, சிற்றொலியையும் ஒதுக்கித்தள்ள இயலாத இயல்பாகிய ஒலிக்கூருணர்வு, விமானம் விழுந்துவிடுமோ என்னும் அச்சம், குறைக்கக்கூடிய இரைச்சலை நிர்வாகம் குறைக்கவில்லை என்ற அவநம்பிக்கை ஆகிய தனிமனித, சமூகக் காரணங்களால் அமைகிறது. எடுத்துக்காட்டாக, 1998இல் மலேசியாவின் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சிப்பாங்கில் திறக்கப்பட்ட விமான நிலையத்தில் வேலை கிடைத்தவர் பொறுத்துக்கொள்ளும் நள்ளிரவு ஓசையே, விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வருகைப் பதிவுக்கு, எழ வேண்டிய தோட்டத் தொழிலாளிக்கு உறக்கத்தைப் பறிக்கும் அநீதியாகப் படக்கூடும். இக்காரணங்களுள் நிர்வாகத்தால் மாற்றக்கூடியது அவநம்பிக்கையே. முறையீடுகளுக்கு விடையளிக்காத நிலையத்தால், விமானங்களின் ஓசை குறைந்தாலும் எரிச்சலை முழுவதும் தணிக்க இயலாது.