உள்ளது உள்ளபடி

அன்புள்ள கதிருக்கு,

விடுமுறையில் இணையம் வழியாக உபயோகமான வேலை ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தாய். உனக்கு ஆங்கிலக் கூட்டெழுத்து படிக்க வரும். வரலாற்றுப் பைத்தியமும் உண்டு. அமெரிக்காவின் பழைய சென்சஸ் தாள்களுக்குப் பெயரடைவு தயாரிக்கும் வேலையில் சேர்ந்துகொள். சம்பளம் கிடையாது. ஃபேமிலிசர்ச் தளத்தில் ஒரு கணக்குத் தொடங்கினால் போதும்.

அங்கே கணக்கெடுத்து 72 ஆண்டுகள் ஆனதும், வீடு வீடாகப் போய் எழுதிய தாள்களையே எல்லாரும் பார்க்கத் திறந்துவிடுவார்கள். (நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை.) 1940ஆம் ஆண்டுத் தாள்கள் 2012 ஏப்ரல் 2 அன்று வெளிவந்தன. 38 லட்சம் படங்கள், 13 கோடிக்கும் மேற்பட்ட ஆட்கள். அப்போது பெயரைக் கொடுத்துத் தேட வழியில்லை. தாத்தா எந்த ஊரில், எந்தப் பகுதியில் குடியிருந்தார் என்று தெரிந்தவருக்கே அவர் அகப்படுவார். 1,60,000க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் உட்கார்ந்து சுமார் நாலு மாதத்தில் அந்தக் குறையைத் தீர்த்தார்கள்.

வேலையின் தலையாய விதி, கண்ணில் பட்டதை எழுதுவது. உன்னைப் போன்ற ஸ்பெல்லிங் புலிகளுக்குத்தான் இது கஷ்டம்! கேத்தரின் என்ற பெயர் ‘கே’யில் தொடங்கியிருந்தால் ‘கே’, ‘சி’யில் தொடங்கியிருந்தால் ‘சி’. போலந்திலிருந்தோ இத்தாலியிலிருந்தோ வந்த குடும்பத்தின் பெயரைக் கணக்கெடுக்க வந்தவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். நீ அதைத் திருத்தினால் அவருடைய ஊகத்தின் மேல் உன் ஊகமும் ஏறிவிடும். வயது பொருந்தவில்லையா? இருக்கட்டும், அது ஆராய்ச்சியாளர் கவலை.

கையெழுத்துதான் பெரிய பாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டு ‘எஸ்’ சேர்ந்து வந்தால் முதலாவதை நீட்டி எழுதுவார்கள். ராஸ் என்ற பெயரை ‘ராப்’ என்று படித்துவிடுவாய். பெரிய ‘எஸ்’ஸும் பெரிய ‘எல்’லும் சில கைகளில் இரட்டைப் பிள்ளைகள். அப்போது பெயரையே முறைத்துக்கொண்டிருக்காதே. உறவுமுறைக் கட்டத்துக்குப் போ. அங்கே ‘சன்’ இருக்கும், ‘லாட்ஜர்’ இருக்கும். கணக்கெடுத்தவர் அந்த இரண்டு எழுத்தையும் எப்படிச் சுழிக்கிறார் என்று பார்த்துவிட்டுத் திரும்பி வா. இந்தக் கட்டம் 1880இல்தான் வந்தது. அதற்கு முந்தைய தாளென்றால் அதே பக்கத்தின் மாநிலப் பெயர்கள் கைகொடுக்கும். குடும்பத் தலைவருக்குக் கீழே வெறும் கோடு இழுத்திருந்தால் அவருடைய குடும்பப் பெயர்தான் தொடர்கிறது என்று பொருள். அங்கே மட்டும் மேலே உள்ளதை எடுத்து எழுதலாம்.

இவ்வளவு கறார் எதற்கு என்று கேட்பாய். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல் போட்டார்கள். அதில் உரிமையாளரின் பெயர் இருக்கும். அடிமைகளுக்குப் பெரும்பாலும் வயது, பால், நிறம் மட்டுமே. உள்நாட்டுப் போர் முடிந்து வந்த 1870 கணக்கெடுப்பில்தான் விடுதலை பெற்றவர்கள் பெயரோடு பதிவானார்கள். கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றுக்கு முன்னோரின் பெயர் அரசாங்க ஏட்டில் முதன்முதலில் தட்டுப்படுவது அங்கேதான். அந்த வரியை அடைவில் தப்பாக ஏற்றினால், தேடுகிறவர் பெயரே இல்லை என்று போய்விடுவார். தாள் என்னவோ பத்திரமாகத்தான் இருக்கும். 1921 தீவிபத்தில் பாழான 1890 தாள்களின் கதி வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் நம் அவசரத்தால் ஒரு பெயர் தொலையக்கூடாது.

2022இல் வெளியான 1950 தாள்களைக் கணினியே முதலில் படித்தது, மனிதர்கள் சரிபார்த்தார்கள். இப்போது வேலை பெரும்பாலும் அந்த வகைதான். கணினி நன்றாகவே படிக்கிறது. அதனால்தான் அலுப்பில் எல்லாவற்றுக்கும் ‘சரி’ போடத் தோன்றும், போடாதே. படத்தைப் பெரிதாக்கிப் பார். எந்த எழுத்து என்று தெரியாவிட்டால் அந்தத் திட்டத்தின் குறிப்புகளைப் படித்து, அவர்கள் சொல்கிறபடி தெரியவில்லை என்றே குறித்துவிடு.

அன்புடன்,
பெரியப்பா