வெளி சர்வரை ஹோஸ்ட்டுடன் இணைக்கும் முன்...



2023 ஜூன் 15 அன்று போடிநாயக்கனூருக்கு மீண்டும் ரயில் வந்தது. இப்போ எங்க வருசநாட்டுக்காரர் செல்போனிலேயே சென்னைக்கு டிக்கெட் எடுக்கிறார். சீட்டு கொடுப்பது ஐ.ஆர்.சி.டி.சி. சர்வர் என்றுதானே நினைக்கிறோம்? இல்லை! சீட்டுக் கணக்கு முழுவதும் ரயில்வேயின் பி.ஆர்.எஸ். என்ற ஹோஸ்ட் கம்ப்யூட்டரில் இருக்கிறது. டில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் 1999-ல் 'கான்செர்ட்' மென்பொருளால் ஒன்றாகப் பிணைக்கப்பட்டன. 2002 ஆகஸ்ட் 3 முதல் ஐ.ஆர்.சி.டி.சி. சர்வர் வெளியில் நின்று ஹோஸ்ட்டிடம் கேட்டு வாங்கித் தருகிறது.

இப்படி ஒரு வெளி சர்வரை இணைக்கும் முன் என்னென்ன தயார் செய்யணும்?

1. முகவரி: இரு பக்கத்து ஐ.பி. முகவரி, போர்ட் எண்களை எழுதி வைக்கவும். ஃபயர்வாலில் அந்த ஒரு போர்ட்டை மட்டும், அந்த ஒரு முகவரிக்கு மட்டும் திறக்கவும்.

2. மொழி: 'ஏ' என்ற ஆங்கில எழுத்து ஆஸ்கி முறையில் 65, ஐ.பி.எம். மெயின்ஃபிரேமின் எப்சிடிக் முறையில் 193. மாற்றிக் கொடுக்காவிட்டால் பெயர் குப்பையாகத்தான் வரும்.

3. உரிமை: சர்வருக்குத் தனி யூசர் கணக்கு கொடுக்கவும். தேவையான வேலைக்கு மட்டுமே அனுமதி.

4. கடிகாரம்: இரண்டும் ஒரே நேரம் காட்ட வேண்டும். ஏ.சி. தட்கல் காலை 10 மணிக்குத் திறக்கிறது. ஒரு நிமிடம் பிசகினாலும் சண்டைதான்.

5. பதில் வராவிட்டால்: இதுதான் முக்கியம். ஹோஸ்ட் சீட்டைப் பதிந்துவிட்டது, பதில் வழியில் தொலைந்தது என்று வைப்போம். சர்வர் புதுசாக மறுபடி கேட்டால் இரண்டு சீட்டு, இரண்டு மடங்கு பணம். கேட்காமல் விட்டால் பணம் போச்சு, டிக்கெட் இல்லை. ஆகவே ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் வேண்டும். அதே எண் திரும்ப வந்தால் ஹோஸ்ட் பழைய பதிலையே தர வேண்டும். இரவில் இரு பக்கக் கணக்கையும் ஒப்பிடணும்.

6. சோதனை: உண்மை ஹோஸ்ட்டில் கை வைக்காமல் முதலில் சோதனை ஹோஸ்ட்டில் ஓட்டவும். பளுவையும் ஏற்றிப் பார்க்கவும். 2014-ல் ஐ.ஆர்.சி.டி.சி. தன் திறனை நிமிடத்துக்கு 2,000 டிக்கெட்டிலிருந்து 7,200 ஆக உயர்த்த வேண்டியிருந்தது. கோளாறு வந்தால் பழைய நிலைக்குத் திரும்பும் வழியும் கையில் இருக்கட்டும்.

வாய்க்காலைச் சரி பார்க்காமல் யாரும் மடையைத் திறப்பதில்லை. இலவம்பஞ்சு பறித்த கூலியில் டிக்கெட் எடுப்பவருக்கு ஃபயர்வாலும் தெரியாது, போர்ட்டும் தெரியாது. அவர் பணம் பத்திரமாக இருப்பது நம் தயாரிப்பில்தான் இருக்கிறது. நாளைய டெக்னீஷியன்களே, நினைவில் கொள்வோம்!