குளியலறைக்கு ரைமர் சுவிச்: மூன்றாவது வயரை எங்கிருந்து எடுப்பது?

மீள்குடியேறிய வீடுகளுக்குப் போகும்போது, வெளிநாட்டிலிருக்கும் உறவினர் கொண்டுவந்து கொடுத்த மின்சாதனங்களை அடிக்கடி காண்கிறோம். அண்மையில் ஒரு வீட்டில் அது குளியலறைக்கான சிறிய எக்ஸோஸ்ற் ஃபேனும் ஒரு ரைமர் சுவிச்சும். ஒருமுறை அழுத்தினால் விளக்கும் ஃபேனும் 15 நிமிடம் ஓடித் தானாகவே நிற்கும். விளக்கை அணைக்க மறக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும், நெடுநாள் ஆளில்லாமல் கிடந்து ஈரம் ஊறிய சுவருக்கும் நல்ல பொருள்தான். ஆனால் பூட்டியதும் வீட்டின் ட்ரிப் சுவிச் விழுந்தது. தூக்கிவிட மறுபடியும் விழுந்தது. "ட்ரிப் சுவிச் பழுது அம்மா, கழற்றிவிட்டு நேரடியாகக் கொடுப்போம்" என்றாராம் வேலை செய்த தம்பி. அம்மா சம்மதிக்கவில்லை. அவர் செய்தது சரி. ட்ரிப் சுவிச் தன் வேலையைத்தான் செய்தது.

சாதாரண சுவிச்சுக்கு இரண்டு வயர்கள் போதும். ஒன்றில் லைன் வருகிறது, மற்றதில் லைன் விளக்குக்குப் போகிறது. நியூட்ரல் சுவிச் பெட்டிக்கு வராமல் நேரே விளக்குக்குப் போய்விடும். பழைய வீடுகள் பெரும்பாலும் இப்படித்தான். ஆனால் மின்சுற்றுப் பலகையுள்ள ரைமர் சுவிச் பலவற்றுக்கு, அது தான் இயங்குவதற்கே நியூட்ரலும் வேண்டும். பெட்டியைத் திறந்தால் நியூட்ரல் இல்லை. பச்சை ஏர்த் வயர் மட்டும் கிடக்கும். அதில் கொடுத்தால் ரைமர் வேலை செய்யும். ரெஸ்ரர் வைத்துப் பார்த்தாலும் பிழை தெரியாது. ரெஸ்ரர் லைனில் மட்டுமே எரியும். நியூட்ரலையும் ஏர்த்தையும் அது பிரித்துக் காட்டாது.

ட்ரிப் சுவிச் லைனில் போகும் மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வீடுகளில் பூட்டுவது வழமையாக 30 மில்லிஅம்பியர் வகை. அந்தளவு வித்தியாசம் வருவதற்குள்ளேயே அது துண்டித்துவிடும். ஃபேனின் மின்னோட்டம் ஏர்த் வழியாகத் திரும்பினால் அது விழத்தான் செய்யும்.

அதைக் கழற்றியிருந்தால்? பல வருடம் ஆளில்லாத வீடுகளில் ஏர்த் கம்பி துருப்பிடித்திருக்கும், அல்லது செம்புக்காக யாரோ வெட்டியிருப்பார்கள். அப்போது ஃபேனுக்குள்ளால் வரும் லைன், போக வழியில்லாமல் ஏர்த் வயரிலேயே நிற்கும். அதே ஏர்த்தில்தான் குளிர்சாதனப் பெட்டியும் கிணற்று மோட்டாரும் இணைந்திருக்கின்றன. குளியலறையில் ஒருவர் விளக்கைப் போட, கிணற்றடியில் ஈரக்காலோடு நிற்பவர் மோட்டாரைத் தொட்டால் அடிபடுவார். பழுது ஓரிடத்தில், ஆபத்து இன்னோரிடத்தில்.

சரியான வழிகள் இரண்டு. விளக்குப் பொயின்ற்றில் நியூட்ரல் இருக்கிறது. அங்கிருந்து சுவிச் பெட்டிக்கு ஒரு புதிய வயர் இழுக்கலாம். விளக்குச் சுற்றுக்கு வழமையாகப் பயன்படும் 1/1.13 வயர் போதும். இல்லையென்றால் திருகிவிடும் சுருள்வில் ரைமர் வாங்குங்கள். மணிக்கூடு போல் ஓடும் அதற்கு நியூட்ரல் தேவையில்லை, பழைய இரண்டு வயரே போதும். பார்க்க அவ்வளவு அழகில்லை, ஆனால் பழைய வீட்டுக்கு நாங்கள் சொல்வது இதைத்தான். எதுவானாலும் சுவிச்சைக் குளியலறைக் கதவுக்கு வெளியே வையுங்கள்.

வயரின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். பழைய வயரிங்கில் சிவப்பு லைன், கறுப்பு நியூட்ரல், பச்சை ஏர்த். புதியதில் மண்ணிறம் லைன், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் ஏர்த். இடையில் ஒட்டுப்போட்டவர் கையில் கிடைத்த நிறத்தைப் போட்டிருக்கலாம். கனடாவிலிருந்து வந்த சாதனமென்றால் முதலில் பின்பக்கம் பாருங்கள். 120 வோல்ற் என்று மட்டும் இருந்தால் எங்கள் 230 வோல்ற்றில் எரிந்துவிடும். ஐரோப்பாவிலிருந்து வருபவற்றுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

வயரிங் வேலையைப் பயிற்சி பெற்ற மின்னியலாளரிடம் கொடுங்கள். பிரதான சுவிச்சை அணைத்துவிட்டுத்தான் பெட்டியைத் திறக்க வேண்டும். நீங்கள் செய்யக்கூடிய ஒன்று உண்டு: மின்சாரம் இருக்கும்போது ட்ரிப் சுவிச்சிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அதை மாற்றும்வரை குளியலறை வேலையைத் தொடங்க வேண்டாம்.

புதிய ஏர்த் கம்பி இறக்க வேண்டியிருந்தால், கண்ணிவெடி அகற்றி முடிந்ததென உறுதிசெய்யப்பட்ட நிலத்தில் மட்டும் தோண்டுங்கள். சந்தேகமான பொருள் தென்பட்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிப் போய்க் கிராம அலுவலரிடமோ பொலிஸாரிடமோ சொல்லுங்கள்.

அந்த அம்மாவின் வீட்டில் கூரைக்கு மேலால் ஒரு நியூட்ரல் வயர் இழுக்க அரை நாள்கூட எடுக்கவில்லை. ட்ரிப் சுவிச் பிறகு விழவில்லை. ஏர்த் வயரைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, அது சுவருக்கு வெளியே ஒரு சாண் நீளத்தில் வெட்டுண்டு தொங்கியது. அதையும் அன்றைக்கே சரிசெய்தார்கள்.