கருவாட்டுக் கடற்கரையும் தங்காக் துணியும்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய மூன்று மைச் சித்திரங்களையும் சுவரில் ஒட்டிவைத்து இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தூரிகை உன் கைக்குப் படிந்துவிட்டது. அந்த மூங்கில் இலையை அழுத்தி இறக்கி, நுனியில் இலேசாக எடுத்திருக்கிறாயே, அதற்காக உன்னைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. மற்ற இரண்டிலும் பனி மூடிய சிகரம், வளைந்த பைன் மரம், ஓரத்தில் ஒரு மண்டபம். நீ இருக்கும் தங்காக்கில் தலை நிமிர்ந்தால் லேடாங் மலை தெரிகிறது. நீ பார்க்காத மலையை ஏன் வரைய வேண்டும்? கண்முன் பார்த்ததை வரைந்த ஒருவரைச் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் உறவினர் யாராவது வந்தால், அந்த நாட்டு 50 வெள்ளி நோட்டு ஒன்றை வாங்கிப் பின்பக்கத்தைப் பார். அங்கே இரண்டு ஓவியங்கள் உண்டு. ஒன்று சென் வென் சியின் வாலில்லாக் குரங்குகள். மற்றது சியோங் சூ பியெங் 1978-இல் வரைந்தது: கடலோர மக்கள் கருவாடு காயப்போடுகிறார்கள்.

சியோங் 1917-இல் சீனாவின் அமோயில் பிறந்தவர், ஷாங்காயில் படித்தவர். 1946-இல் சிங்கப்பூருக்கு வந்து, நன்யாங் நுண்கலைக் கழகத்தில் ஆசிரியராக இருந்தார். 1952-இல் லியூ காங், சென் சோங் சுவீ, சென் வென் சி மூவரோடும் பாலித் தீவுக்குப் போனார். அவருக்கு இவையெல்லாம் அந்நியக் கரைகள். கருவாட்டு ஓவியம் வந்தது, அவர் இங்கே வந்து 32 ஆண்டுகள் கழித்து. அதுவரை இந்த வெயிலையும் இந்த மக்கள் குனிந்து நிமிர்வதையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவசரப்படாதே என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று, உனக்கென்றே சொல்கிறேன். அந்த ஓவியம் காகிதத்தில் வரைந்ததல்ல. துணியில் சீன மையும் வண்ணமும். நீ இருப்பதோ துணிக்கடைகளுக்குப் பேர்போன ஊர். பெருநாள் வந்தால் வெளியூர்க்காரர்கள் அங்கே வந்துதான் துணி எடுக்கிறார்கள். இரண்டு மீட்டர் வெள்ளைப் பருத்தித் துணி வாங்கு. கஞ்சி போக வெந்நீரில் அலசு. அப்படியே வரைந்தால் மை இழை வழியே ஓடிக் கோடு கலைந்துவிடும். விலங்குப் பசையை வெந்நீரில் நீர்க்கக் கரைத்து, கொஞ்சம் படிகாரம் சேர்த்து, ஒரு பூச்சுப் பூசிக் காயவை. மையைப் புட்டியிலிருந்து ஊற்றாதே. கோயிலில் சந்தனம் உரைப்பதைப் பார்த்திருப்பாய்; அதே பொறுமையோடு மைக்கட்டியைக் கல்லில் உரை.

பிறகு மூவார் பக்கம், பாரிட் ஜாவாவுக்குப் போ. நீலக் கடலைத் தேடாதே, அங்கே இருக்காது. நீர் வற்றும் நேரத்தில் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான். அதில் மொட்டைத் தலை நாரைகள் நிற்கும், படகுகள் சாய்ந்து கிடக்கும். ஈரச் சேறு கறுப்பு, காய்ந்தது சாம்பல், நடுவில் தண்ணீர் தேங்கிய இடம் வெள்ளை. அந்த வெள்ளையைத் தொடாமல் துணியாகவே விட்டுவிடு. வண்ணமே வேண்டாம், இந்தக் கரைக்கு மை போதும் என்பது என் எண்ணம். முதல் நாள் வரையவும் வேண்டாம். படகுக்காரர்கள் சேற்றில் காலை எப்படி ஊன்றி எடுக்கிறார்கள் என்று மட்டும் பார்.

துணி வாங்கியதும் எழுது. படிகாரத்தின் அளவை நேரில் வந்து காட்டித் தருகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்